துப்பாக்கியின் இடத்தில் படப்பெட்டி

காட்டு விலங்குகளை இரவில் படமெடுத்த முன்னோடிகளுள் அமெரிக்கரான மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் தலையாயவர். இளமையில் அவர் வேட்டைக்காரர். மிச்சிகன் பகுதியில் ஓஜிப்வே பழங்குடியினரின் வேட்டைமுறை ஒன்றுண்டு. இரவில் தோணியின் முனையில் தீயேற்றி ஓசையின்றிச் செல்வர். கரையோரம் மேயும் மான் ஒளியைக் கண்டு திகைத்து நிற்கும். மின்னும் அதன் கண்களே குறி. ஷைராஸ் அம்முறையை அப்படியே கைக்கொண்டார்; துப்பாக்கி இருந்த இடத்தில் மட்டும் படப்பெட்டியை வைத்தார். மக்னீசியப் பொடி பளிச்சென எரிந்த ஒளியில் மான் படமாயிற்று. பின்னர், விலங்கே கம்பியை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் பொறியும் அமைத்தார்.

1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒருங்கே வெளியிட்டது. புவியியல் ஏடு படப்புத்தகமாகிவிட்டதே என வெகுண்டு ஆட்சிக் குழுவினர் இருவர் பதவி துறந்தனர். எழுத்தே அறிவு, படம் வெறும் வேடிக்கை என்று எண்ணிய காலம் அது! வாசகரோ படங்களையே விரும்பினர்.

ஷைராஸ் படத்தோடு நின்றாரல்லர். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தபோது, 1904இல், வலசைப் பறவைகளைக் காக்க மசோதா கொணர்ந்தார். அன்று அது நிறைவேறவில்லை. அக்கருத்தையொட்டிய சட்டம் 1913இல் நிறைவேறியது.