ஒரு கணக்கு, இரண்டு பேரேடுகள்

வீராணம் ஏரி நிரம்பினால் மிகுதி நீரின் ஒரு பகுதி, லால்பேட்டையை ஒட்டிய வெள்ளியங்கால் ஓடை மதகு வழியே வெளியேறும். மழை மிகுந்த ஆண்டுகளில் அந்நீர் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களைச் சூழ்ந்துகொள்வதுண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றித் தவித்தன. அத்தகைய நாட்களில்தான் மக்களுக்குக் கைப்பணம் அதிகம் தேவைப்படும். ஊரில் எழுதப்படும் கணக்கும், தொலைவிலுள்ள தலைமைக் கணக்கும் தொடர்பற்றுக் கிடந்து, பின்னர் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போவது எப்படி? கைப்பேசிச் செயலிகளை ஆக்குவோர் இன்று எதிர்கொள்ளும் இக்கேள்வி, கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே அஞ்சல் துறையில் எழுந்துவிட்டது.

இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. சிற்றூரின் கிளை அஞ்சலகத்தில் பணம் கட்டினால், அஞ்சலர் அதைப் பாஸ்புத்தகத்திலும் தம் குறிப்பேட்டிலும் பதிந்துகொள்வார். அன்றன்றைய நடவடிக்கைகளைத் தினசரிக் கணக்காக எழுதித் தபால் பையில் வைத்துக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து மறுபையில் ஒரு சீட்டு வரும். அதற்குப் 'பி.ஓ. சிலிப்' என்று பெயர். வெள்ளத்தால் பை இரண்டு நாள் தாமதித்தாலும் ஊரில் வேலை நிற்பதில்லை.

இம்முறையில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கிளை அஞ்சலகம் 'இருப்பு இவ்வளவு' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. 'இன்னாருடைய கணக்கில் இவ்வளவு வரவு, இவ்வளவு பற்று' என ஒவ்வொரு நடவடிக்கையையும் தனித்தனியே அனுப்புகிறது. கூட்டுத்தொகையை மட்டும் அனுப்பினால், பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேட வழியில்லை. நடவடிக்கைகளை அனுப்பினால் தலைமைப் பேரேட்டில் அவற்றை வரிசையாக மீண்டும் எழுதிப் பார்க்கலாம்.

வரவும் பற்றும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பது இன்னொரு நுட்பம். ஒருவர் கணக்கில் 500 ரூபாய் உள்ளது. ஓர் இடத்தில் 100 ரூபாயும் வேறோர் இடத்தில் 200 ரூபாயும் கட்டப்படுகின்றன. எது முதலில் தலைமையகத்தை அடைந்தாலும் இருப்பு 800 ரூபாய்தான். மாறாக, இரண்டு இடத்திலும் 400 ரூபாய் எடுக்கப்பட்டால்? ஒவ்வோர் இடத்திலும் பார்த்தால் பிழையே இல்லை. சேர்த்துப் பார்த்தால் 300 ரூபாய் இல்லாத பணம்! பழைய அஞ்சலகத்தில் இச்சிக்கல் எழாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணக்கு ஓர் அஞ்சலகத்துக்கே உரியது. எடுக்க வேண்டுமானால் ஒன்றே ஒன்றான பாஸ்புத்தகத்தைக் காட்ட வேண்டும். கிளை அஞ்சலகம் தானாகக் கொடுக்கும் தொகைக்கும் வரம்பு உண்டு. எந்த அஞ்சலகத்திலும் கணக்கை இயக்கலாம் என்னும் மையக் கணக்குமுறை வந்த பிறகு, இந்த வேலிகளின் இடத்தில் வேறு வேலிகளை அமைக்க வேண்டியதாயிற்று.

கணிப்பொறி உலகில் இதே சிக்கலை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மகாதேவ் சத்தியநாராயணன். 1970களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அங்கே அவர் குழு உருவாக்கிய 'கோடா' என்னும் கோப்பு முறைமையில், தொடர்பு அறுந்தாலும் கணிப்பொறி வேலை செய்யும். இது பற்றி அவரும் ஜேம்ஸ் கிஸ்ட்லரும் 1991இல் விளக்கினர். தொடர்பு இருக்கும்போதே தேவைப்படும் கோப்புகளைச் சேர்த்துவைப்பது முதற்கட்டம். அடைமழைக்கு முன் விறகு சேர்ப்பது போன்ற வேலைதான் இது. தொடர்பு அறுந்தபின், செய்த மாற்றங்களை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டே போவது அடுத்த கட்டம். தொடர்பு மீண்டதும் அப்பதிவேட்டைச் சேவையகத்தில் மறுபடி நடத்திக் காட்டுவது கடைசிக் கட்டம். நம் தினசரிக் கணக்கே வேறு உருவில் வந்ததுபோல் இல்லையா?

இருவர் ஒரே கோப்பை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் பலருக்கு இருந்தது. அவர்கள் தம் பல்கலைக்கழகத்தின் பழைய முறைமையை அளந்து பார்த்தனர். 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள், அதே கோப்பை முன்பு மாற்றியவராலேயே செய்யப்பட்டிருந்தன. மோதல் அரிது, ஆனால் இல்லாமற் போவதில்லை.

மோதும்போது 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்று விதிக்கலாமே எனத் தோன்றும். எந்தக் கடிகாரத்தின்படி கடைசி? ஒரு கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால், பிந்தி எழுதிய சரியான குறிப்பு அழிந்துபோகும். வெவ்வேறு இடத்துக் கடிகாரங்களை நம்பாமல் வரிசை எண்களைக் கொண்டே முன்பின் அறியலாம் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இல் காட்டினார். 2005இல் டேமியன் கட்ஸ் தொடங்கிய 'கவுச் டி.பி.' என்னும் தரவுத்தளம் எண்களைத்தான் நம்புகிறது. 'இன்ன எண்ணுக்குப் பிறகு என்ன மாறியது?' என்று ஒரு தளம் மற்றதைக் கேட்கும். மாறியவை மட்டும் வந்து சேரும். இரு பதிப்புகள் மோதினால் ஒன்றை முன்னிறுத்தினாலும் மற்றதை உடனே அழித்துவிடுவதில்லை. உலாவியினுள்ளேயே இயங்கும் 'பவுச் டி.பி.' இதன் வழிவந்தது.

எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. கருவி அனுப்பிய 1,000 ரூபாய் வரவு போய்ச் சேர்ந்துவிட்டது. 'பெற்றோம்' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தது. கருவி மறுபடியும் அனுப்பும். நடவடிக்கைக்கெனத் தனி எண் இல்லையேல் கணக்கில் 2,000 ரூபாய் ஏறிவிடும். எண் இருந்தால் 'இது முன்பே வந்தது' எனச் சேவையகம் விலக்கிவிடும். பதில் வரும்வரை கருவி தன் குறிப்பை அழிக்கவும் கூடாது.

2017 டிசம்பரில் அஞ்சல் துறை 'தர்ப்பண்' திட்டத்தைத் தொடங்கி, சுமார் 1,29,000 கிளை அஞ்சலகங்களுக்குக் கைக்கருவிகளை வழங்க முற்பட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்ததை வைத்திருந்து பின்னர் அனுப்புவதும் அக்கருவியின் வேலை. தபால் பை எடுத்துச் சென்ற கணக்கு அலையேறிச் சென்றது. ஆயினும் ஊர் ஊராகப் போய்ப் பாஸ்புத்தகங்களை வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிடும் ஓவர்சியர் வேலையைக் கருவி முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரு குறிப்புகளும் முறையாக எழுதப்பட்டு, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும்போது, எது நடந்தது என்பதைப் பணம் கட்டியவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.