கெடு
ஊரப்பாக்கத்தில் பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவர் தம் புராஜெக்ட் அறிக்கையில் ‘டைம்அவுட்’ என்பதை ‘நேரம் வெளியே’ என்று எழுதியிருந்தார். ‘கெடு’ இருக்க ஏன் இந்தப் பாடு? கெட்டுப்போவதைச் சொல்லும் கெடு அல்ல இது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கடுவு’ என வழங்குவதன் உறவு. பொருள், காலவரம்பு. கடன் பத்திரத்தில் கெடு குறிப்பார்கள். தப்பினால் ஜப்திவரை போகும். டைம்அவுட்டும் இதே கதைதான். 1980-இல் ஜான் போஸ்டல் வரையறுத்த இணைய நெறிமுறையான யூடிபி, பாக்கெட்டை அனுப்புவதோடு சரி, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. சாக்கெட்டுக்குக் கெடு வைக்காத நிரல், பதில் தொலைந்தால் அதை வாங்கக் காத்திருக்கும் ‘ரெக்வ்ஃப்ரம்’ வரியிலேயே நின்றுவிடும். கெடு தப்பினால், நிரல் தானே கேள்வியில் இட்டிருந்த அதே வரிசை எண்ணோடு மறுபடி அனுப்பி, கெடுவை இரட்டிப்பாக்க வேண்டும். தொலைந்தது கேள்வியா பதிலா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் எதிர்முனை ஒரே வேலையை இருமுறை செய்யாமல் தவிர்க்கும். ‘தவணை’ என்றாலும் முன்பு காலவரம்புதான். இன்று நமக்கு அது மாதாமாதம் கட்டும் பணம், இலங்கையில் பள்ளிப் பருவம். கெடுவில் மட்டும் காலவரம்பின் கண்டிப்பு குறையவே இல்லை. டைம்அவுட்டுக்குப் பாடநூல்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளட்டும். இரட்டிப்பாக்குவதற்கும் ‘கெடு நீட்டிப்பு’ என்று செய்தித்தாள்கள் ஏற்கெனவே சொல் தந்திருக்கின்றன.