அச்சேறாத சாவுகள்

1953 மார்ச் 5ஆம் நாள் இரவு சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தபோது அந்நாட்டின் நாளேடுகளும் வானொலியும் முற்றிலும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியில் இருந்தமையால், மக்கள் எதை, எப்போது, எவ்வளவு அறியலாம் என்பதைக் கட்சித் தலைமையே முடிவு செய்தது. மாஸ்கோ நகருக்கு வெளியே குன்ட்செவோ ஓய்வில்லத்தில் அவருக்கு நேர்ந்த மூளை இரத்தக்கசிவு, மாஸ்கோ இல்லத்தில் நேர்ந்ததாகவே மார்ச் 4 அன்று அறிவிக்கப்பட்டது. உடலைக் காணத் திரண்ட கூட்டத்தில், துருப்னயா சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் பலர் நெரிபட்டு மாண்டனர். தலைவரின் மரணத்துக்குப் பக்கம் பக்கமாக இடமளித்த நாளேடுகள் அந்தச் சாவுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறைத்ததோடு நில்லாமல் திருத்தவும் செய்தனர். கட்சியின் அதிகாரபூர்வ நாளேடான பிராவ்தா, 1950இல் பலர் நிற்க எடுக்கப்பட்ட படத்தில் ஏனையோரை நீக்கி, ஸ்டாலின், சீனத் தலைவர் மாவோ, புதிய பிரதமர் மாலென்கோவ் ஆகிய மூவர் மட்டும் இருந்ததுபோல மார்ச் 10 அன்று வெளியிட்டு, மாலென்கோவை வாரிசாகக் காட்டியது. இறுதி ஊர்வல நாளில் உரையாற்றிய உள்துறை அமைச்சர் பெரியா சில மாதங்களில் கைதானபின், பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றிய கட்டுரையை வெட்டியெடுத்து, பெரிங் கடல் உள்ளிட்ட தலைப்புகள் கொண்ட மாற்றுப் பக்கங்களை ஒட்டுமாறு சந்தாதாரர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

ஸ்டாலினின் குற்றங்களைக் கட்சியின் முதற்செயலர் குருஷ்சேவ் 1956 பிப்ரவரி 25 அன்று கட்சி மாநாட்டின் மூடிய அமர்வில் எடுத்துரைத்தார். கட்சிக் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட அவ்வுரை, சோவியத் நாட்டில் 1989இல்தான் அச்சேறியது. 1961 அக்டோபர் 31 இரவில், லெனினின் பதப்படுத்திய உடலுக்கு அருகே கிடத்தப்பட்டிருந்த ஸ்டாலினின் உடல் அகற்றப்பட்டு, கிரெம்ளின் மதிலோரம் புதைக்கப்பட்டபோதும், அவர் ஆட்சியில் கொல்லப்பட்டோரை வெளிப்படையாக நினைவுகூர வழி பிறக்கவில்லை.

அவ்வழி, தொடக்ககாலச் சிறைமுகாம் இருந்த சொலொவெட்ஸ்கித் தீவுகளிலிருந்து கொணர்ந்த கல், 1990இல் மாஸ்கோவின் லுபியான்கா சதுக்கத்தில், உளவுத்துறைத் தலைமையகத்தின் எதிரே நிறுவப்பட்டபோது பிறந்தது. ஒடுக்குமுறைக்கு ஆளானோரின் வரலாற்றைத் திரட்டிய மெமோரியல் அமைப்பு, 2007 முதல் ஆண்டுதோறும் அங்கே கொல்லப்பட்டோரின் பெயர், வயது, தொழில், கொல்லப்பட்ட நாள் ஆகியவற்றை உரக்க வாசிக்கச் செய்தது. 2021 டிசம்பரில் அவ்வமைப்பைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு தலைவரின் மரணத்தை எத்தனை பக்கங்களில் அச்சிட்டாலும், அவர் ஆட்சியில் மாண்டவர்களின் பெயர்களுக்கு இடமளிக்காத வரலாறு முழுமையாகாது.