மடக்கிய கையும் அடைபடும் தமனியும்: குழந்தைகளின் முழங்கை முறிவுச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

சறுக்குமரத்திலிருந்து விழும் குழந்தை உள்ளங்கையை ஊன்றுகிறது. முழங்கை பின்பக்கமாக வளைய, மேற்கை எலும்பு அதன் கீழ்முனைக்குச் சற்று மேலே, மிக மெலிந்திருக்கும் இடத்தில் முறிகிறது. 5 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் இம்முறிவு மிகுதி. எலும்பு என்னவோ மூன்று நான்கு வாரங்களில் கூடிவிடும். மருத்துவர்களின் அச்சமெல்லாம் அதன் முன்னால் ஓடும் தமனியையும் நரம்புகளையும் பற்றியதே.

அந்த அச்சத்துக்கு மருத்துவ விளக்கம் தந்தவர் ஜெர்மனியின் ஹாலே நகர அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான். இறுக்கிக் கட்டிய கைகளில் விரல்கள் மடங்கி விறைத்துப்போவதற்கு, ரத்தம் கிடைக்காமல் தசை மடிவதே காரணம் என்று 1881இல் எழுதினார். இன்றும் அந்தக் குறைபாடு அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

சிக்கலின் முடிச்சு இதுதான்: முழங்கையை 90 பாகைக்கு மேல் நன்றாக மடக்கினால் முறிந்த துண்டுகள் இடம் பெயராமல் நிற்கும், ஆனால் வீங்கிய கையை அப்படி மடக்கினால் தமனி நசுங்கும். நீட்டிவிட்டால் நாடி திரும்பும், எலும்பு நழுவும். நழுவிய நிலையிலேயே கூடினால் முன்கை உடலை நோக்கித் திரும்பிக் கோணலாகிவிடும். எடை கட்டி இழுக்கும் முறையை 1939இல் டன்லப் விவரித்தார். அதில் தமனி பிழைத்தது. குழந்தை மட்டும் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தது.

1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் நோயறிதல் எளிதாகிவிடவில்லை. சிறு குழந்தையின் முழங்கை பெரும்பகுதி குருத்தெலும்பு; அது படத்தில் தெரியாது. எலும்பாகும் ஆறு மையங்களும் ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில் ஒவ்வொன்றாகத் தோன்றும். இந்த வரிசை தெரியாதவர் இயல்பான மையத்தையே உடைந்த துண்டு என்று எண்ணிவிடலாம். கோணல் உண்டா என்று அளந்துபார்க்க 1929இல் எர்ன்ஸ்ட் பௌமான் ஒரு கோணத்தைக் காட்டினார். முறிவுக்கோடு தெரியாதபோதும், மூட்டுக்குள் ரத்தம் தேங்கிக் கொழுப்புத் திட்டைத் தள்ளியிருப்பதைப் படத்தில் காணலாம் என்று 1954இல் நோரெல் சுட்டினார். 1959இல் அமெரிக்கரான ஜான் கார்ட்லண்ட் இம்முறிவை மூன்றாகப் பிரித்தார்: விலகாதது, ஓரளவு விலகியது, முற்றிலும் விலகியது. முதல் வகைக்கு மாவுக்கட்டே போதும்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு மெல்லிய கம்பி. மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்திய அந்தக் கம்பியைத் தோல்வழியே செலுத்தி இம்முறிவை நிறுத்தும் முறையை 1948இல் ஸ்வென்சன் வெளியிட்டார். ஃப்ளின் குழுவினர் தம் 16 ஆண்டு அனுபவத்தை 1974இல் பதிவு செய்தனர். அறுவை அறையிலேயே எலும்பைத் திரையில் காட்டும் கருவி பரவியதும் இம்முறை வேரூன்றியது. துண்டுகளைக் கம்பி பிடித்துக்கொள்வதால் கையை மிகையாக மடக்கிவைக்கும் தேவை ஒழிந்தது.

கம்பியும் புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. உட்பக்கத்திலிருந்து செலுத்தினால் அங்கே ஓடும் அல்நார் நரம்பு காயப்படலாம். 345 முறிவுகளை ஆராய்ந்த ஸ்காக்ஸ் குழு, வெளிப்பக்கக் கம்பிகள் மட்டும் போட்ட குழந்தைகளில் ஒருவருக்கும் அந்த நரம்பு பாதிக்கப்படவில்லை என்று 2001இல் அறிவித்தது.

எலும்பு முறிவுக்கு ஆந்திரத்தின் புத்தூரில் போடும் நாட்டுக் கட்டை நாடிச் செல்லும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இன்றும் உண்டு. கட்டுவது யாராக இருந்தாலும், வீங்கும் கையைச் சுற்றி இறுக்கினால் ஃபோல்க்மான் சொன்ன ஆபத்து அப்படியே இருக்கிறது. கட்டுப் போட்டபின் வலி கூடிக்கொண்டே போவதும், விரலைப் பிறர் நீட்டினாலே குழந்தை அலறுவதும் அதன் எச்சரிக்கை அறிகுறிகள். உடனே கட்டைத் தளர்த்திக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் ஒருமித்த விடை இல்லை. எலும்பைச் சேர்த்துக் கம்பி போட்டபின் கை வெளிறியே இருந்தால் தமனியைத் திறந்து பார்க்கிறார்கள். கை இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தும் மணிக்கட்டில் நாடி தட்டுப்படாவிட்டால் திறப்பதா, காத்திருந்து கவனிப்பதா? அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரண்டில் எதையும் பரிந்துரைக்க முன்வரவில்லை.