டெனரில் மூன்றாவது ஆள்

போர்ட் பிளேயருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு குவயரில் பாடுகிறேன். டெனரில் மூன்று பேர்; நான் மூன்றாவது. சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ், அப்புறம் டீ. ஊரிலிருந்து அம்மா போனில் "என்னப்பா விசேஷம்?" என்பார். "பிராக்டிஸ் இருந்தது" என்பேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? குவயரில் என் குரல் தனியாகக் கேட்டால் அது தப்பு!

இந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் வேதப்பன் சாலமனைப் பற்றிப் படித்தேன்.

மதராஸ்காரர், உபதேசியார். 1890களில் இங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே, கார் நிகோபார் தீவின் மூஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். அரசாங்க ஏஜெண்டும் அவரே. டைரி எழுதிவந்தார். கப்பல், மழை, ஊர்ப் பண்டிகை என்று அன்றாடச் சமாச்சாரம்தான். அதன் பகுதிகள் 1902-ல் லண்டனில் ஒரு மானிடவியல் இதழில் அச்சாயின. அந்தத் தீவின் பழைய வாழ்க்கையைத் தேடுபவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

அவரிடம் படித்த நிகோபாரிப் பையன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் படித்துவிட்டு ஊர் திரும்பி வாத்தியாரானார். புதிய ஏற்பாட்டை நிகோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். 1952-ல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். இன்று கார் நிகோபார் கிராமங்களில் குவயர்கள் சொந்த மொழியில், பல குரல்களில் பாடுகின்றன.

2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சுனாமி வந்தது. அந்தத் தீவின் கரையோர ஊர்கள் அழிந்தன, பல நூறு பேர் போனார்கள். முந்தின நாள் ஆராதனையில் யார் யார் பக்கத்தில் நின்று பாடினார்கள் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 'இதில் என்ன விசேஷம்' என்று யாரும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால், அதுவும் அவர்களோடு போய்விடும்.

நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டேன். போன சனிக்கிழமைக்கு எழுதியது இவ்வளவுதான்: "எட்டுப் பேர். நல்ல மழை. ஆல்ட்டோ அக்காவுக்குத் தொண்டை கட்டு. இரண்டாவது பாட்டில் டெனர் சொதப்பல்."

அடுத்த முறை அம்மா கேட்டால் வாசித்துக் காட்டலாம். உங்கள் ஊர்க் குவயரிலும் யாராவது ஒருவர் எழுதி வையுங்களேன்.