ஒரே ஒரு ராத்திரிப் பயணம்... 199 உயிர்கள்! (ஹக்கோடா மலை, 1902)

"இருபது கிலோமீட்டர்தானே? காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது. ராத்திரி சுகமாகக் குளித்துவிட்டுப் படுத்தால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம்."

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மலைக்குப் போகத் திட்டம் போடும்போது இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், இல்லையா? 1902ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜப்பானின் வட பகுதியில் 210 ராணுவ வீரர்களின் மனதிலும் ஏறக்குறைய இதே எண்ணம்தான் இருந்தது. கிளம்பிய 210 பேரில் உயிர் பிழைத்தவர்கள் வெறும் 11 பேர்! நவீன மலையேற்ற வரலாற்றின் மிக மோசமான விபத்துகளில் ஒன்றாக இன்றும் இது பேசப்படுகிறது.

இத்தனைக்கும் அவர்கள் ஏறப்போனது இமயமலை இல்லை. ஹக்கோடா மலைத்தொடரின் மிக உயரமான சிகரமே 1,600 மீட்டருக்கும் குறைவுதான். அப்புறம் எப்படி நடந்தது இது?

எதற்காக இந்தப் பயணம்?

அன்றைய ஜப்பானுக்கு ரஷ்யாவை நினைத்தால் பயம். என்றைக்காவது ஒரு நாள் போர் வரும் என்று ராணுவம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது (1904இல் வந்தும் விட்டது). ரஷ்யக் கப்பற்படை வந்து கடலோர ரயில் பாதையையும் சாலைகளையும் துண்டித்துவிட்டால் அவோமோரி நகரத்திலிருந்து பசிபிக் கரைப் பக்கம் சாமான்களை எப்படிக் கொண்டுபோவது? ஒரே வழி, நடுவில் இருக்கும் ஹக்கோடா மலையைக் கடப்பதுதான். அதுவும் பனிக்காலத்தில் முடியுமா? அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

அவோமோரியில் இருந்த 5ஆவது காலாட்படை ரெஜிமெண்ட் இந்த வேலையை எடுத்துக்கொண்டது. தலைமை கேப்டன் கன்னாரி புன்கிச்சி. போக வேண்டிய இடம் தாஷிரோ என்ற வெந்நீர் ஊற்று. தூரம் சுமார் 20 கி.மீ.

ஜனவரி 18ஆம் தேதி கன்னாரி ஒரு ஒத்திகையும் பார்த்தார். ஒரே ஒரு சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு பாதித் தூரம் போய்த் திரும்பினார்கள். அன்றைக்கு வானிலை அருமையாக இருந்தது. வெயில் அடித்தது. "ஒரு நாளில் தாஷிரோ போய்விடலாம்" என்ற முடிவுக்கு வந்தார்கள். நல்ல நாளில் பார்த்த ஒத்திகையை வைத்துக் கெட்ட நாளுக்குக் கணக்குப் போட்டதுதான் முதல் தப்பு.

ஜனவரி 23

காலை 7 மணிக்குச் சற்று முன்பு படை கிளம்பியது. 14 சறுக்கு வண்டிகள். அவற்றில் அரிசி, கரி, விறகு, சமைக்கும் பாத்திரங்கள் என்று ஒரு டன்னுக்கும் மேல் பாரம். ஒவ்வொரு வண்டியையும் நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டும்.

வீரர்களில் பெரும்பாலோர் அவோமோரிக்காரர்கள் இல்லை. தெற்கே உள்ள இவாதே, மியாகி பகுதிகளிலிருந்து வந்த விவசாயக் குடும்பத்துப் பையன்கள். ஹக்கோடாவின் பனி அவர்களுக்குப் பழக்கமில்லை. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, முதலில் மோதும் மலைகளில் எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடும். அப்படி அள்ளிக் கொட்டும் இடங்களில் ஹக்கோடா முக்கியமானது. இதே மலையில் இருக்கும் சுகாயு என்ற ஊரில் 2013 பிப்ரவரியில் 566 செ.மீ. பனி குவிந்து கிடந்தது. ஒரு வீட்டின் மாடியே மூழ்கிவிடும் உயரம்!

மலையடிவாரத்தில் தமோகினோ என்று ஒரு கிராமம். அங்கிருந்தவர்கள், "இந்தச் சமயத்தில் போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் எங்களில் யாரையாவது வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிற மாதிரி எச்சரித்ததாகச் சொல்லப்படுகிறது. அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கூலிக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறார்கள் என்று நினைத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. கையில் வரைபடம் இருக்கிறது, திசைகாட்டி இருக்கிறது, போதாதா?

போதவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கணவாயில் நின்றபோதே காற்று பலமாகிவிட்டது. கொண்டுவந்த சோறு கல் மாதிரி உறைந்து போயிருந்தது. கூட வந்த ராணுவ மருத்துவர் திரும்பிவிடலாம் என்றார். அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். கடைசியில், "போவோம்" என்று முடிவானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் சாகவில்லை. வந்த வழி தெரியும். திரும்பியிருந்தால் சாயங்காலம் முகாமில் சூடாகச் சாப்பிட்டிருக்கலாம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமே என்ன" என்ற எண்ணம் இருக்கிறதே, அதற்கு மலையிலும் விலை உண்டு, வியாபாரத்திலும் விலை உண்டு.

பனிக்குழிக்குள் ஒரு இரவு

மேலே போகப் போக பனி இடுப்பு அளவுக்கு வந்தது. சறுக்கு வண்டிகள் புதைந்தன. கடைசியில் வண்டிகளை விட்டுவிட்டுப் பாரத்தை முதுகில் தூக்கிக்கொண்டார்கள். இருட்டிவிட்டது. தாஷிரோவைத் தேடிப்போனவர்களும் வழி தெரியாமல் திரும்பினார்கள். வெந்நீர் ஊற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. தூரத்தில்தான் இருந்தார்கள்! ஆனால் பனிப்புயலில் அது இல்லாததற்குச் சமம்.

வேறு வழியில்லாமல் பனியில் குழி வெட்டி உள்ளே இறங்கினார்கள். ஒரு குழிக்கு சுமார் 40 பேர். சமைப்பதற்காகத் தரை தெரியும்வரை தோண்டிப் பார்த்தார்கள், இரண்டரை மீட்டருக்கு மேல் தோண்டியும் மண் தட்டுப்படவில்லை. பனியின் மேலேயே நெருப்பு மூட்டினால் பனி உருகி, அடுப்பு கீழே இறங்கிக்கொண்டே போனது. கிடைத்தது அரைவேக்காட்டுச் சோறு.

இன்னொரு விஷயம். பகல் முழுக்க வண்டி இழுத்ததில் உடம்பெல்லாம் வியர்வை. உள்ளே போட்டிருந்ததோ பருத்தித் துணி. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நின்றதும் அந்த ஈரமே உறைய ஆரம்பித்தது. ஒரு ராத்திரிதானே என்று பலர் மாற்று உறை, மாற்றுத் துணிகூடச் சரியாக எடுத்து வரவில்லை.

தூங்கினால் உறைந்துவிடுவோம் என்ற பயத்தில், பொழுது விடியும்வரை காத்திருக்காமல் அதிகாலை இரண்டு மணிக்கு மேல் முகாமுக்குத் திரும்பக் கிளம்பினார்கள். கும்மிருட்டு. புயல். இதுதான் இரண்டாவது பெரிய தப்பு.

சுற்றிச் சுற்றி...

ஜனவரி 24. வழி தவறியது. நடுவில் ஒருவர் தாஷிரோவுக்குப் போகும் வழி தனக்குத் தெரியும் என்றார். அவரை நம்பிப் போனவர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கிருந்து செங்குத்தான சரிவில் மறுபடி ஏற வேண்டியிருந்தது. ஏற முடியாதவர்கள் அங்கேயே விழுந்தார்கள்.

தலைமையிலும் குழப்பம். பயணத்துக்குத் தலைவர் கேப்டன் கன்னாரி. ஆனால் அவரைவிட மூத்த அதிகாரியான மேஜர் யமாகுச்சி ஷின் கூட வந்திருந்தார். கடைசி வார்த்தை யாருடையது என்பது தெளிவாக இல்லை. யமாகுச்சி தலையிட்டாரா, எவ்வளவு தலையிட்டார் என்பது பற்றி ஜப்பானில் இன்றும் விவாதம் நடக்கிறது.

மலைமேல் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் மேல் புயல்காற்று. விரல்கள் உறைந்து போனதால் சிறுநீர் கழிக்கக்கூடக் கால்சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல், நனைந்த துணி அப்படியே உறைந்து பலர் செத்தார்கள். சிலர் திடீரென்று உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியில் விழுந்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் குறையும்போது, சுருங்கியிருந்த தோலின் ரத்தக் குழாய்கள் திடீரென்று விரிந்து, உடம்பு எரிவது போலத் தோன்றும் என்பதை மருத்துவம் பின்னாளில் விளக்கியது. குளிரில் சாகிறவனுக்குக் கடைசியில் வெக்கையாக இருக்கிறது!

ஜனவரி 25. ஹொக்கைடோவின் அசாஹிகாவா நகரில் மைனஸ் 41 டிகிரி பதிவான நாள். ஜப்பானின் வானிலை நிலையங்களில் அதிகாரபூர்வமாகப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இன்றுவரை அதுதான். அந்த நாளில்தான் கேப்டன் கன்னாரி, வானமே நம்மைக் கைவிட்டுவிட்டது, அவரவர் பிழைக்கும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் கத்தினார் என்று பிழைத்தவர் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். தலைவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் அதுவரை தாக்குப்பிடித்தவர்களும் வரிசையாகச் சரிந்தார்களாம்.

நின்றபடியே ஒரு மனிதர்

முகாமில் இருந்தவர்கள் முதலில் கவலைப்படவில்லை. தாஷிரோவில் பத்திரமாகத் தங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். தேடுவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன.

ஜனவரி 27 காலை, மீட்புக் குழுவினர் பனிக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு உருவத்தைப் பார்த்தார்கள். கார்ப்பரல் கோத்தோ ஃபுசனோசுகே. கிட்டத்தட்ட உறைந்த நிலையில், ஆனால் உயிரோடு. அவர் மூலமாகத்தான் என்ன நடந்தது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பக்கத்திலேயே பனிக்குள் கிடந்த கேப்டன் கன்னாரியைக் காப்பாற்ற முடியவில்லை.

மொத்தம் 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதில் 6 பேர் பிறகு இறந்தார்கள், மேஜர் யமாகுச்சி உட்பட. மிஞ்சிய 11 பேரில் 8 பேருக்குக் கை, கால்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கடைசியாக மீட்கப்பட்ட ஒருவர் எங்கே கிடைத்தார் தெரியுமா? பிப்ரவரி 2 அன்று, தாஷிரோ வெந்நீர் ஊற்றில்! 210 பேர் தேடிய இடத்தை அவர் ஒருவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்.

ஹொக்கைடோவிலிருந்து ஐனு பழங்குடியினரும் தங்கள் நாய்களோடு வந்து தேடினார்கள். கடைசி உடல் கிடைத்தது மே மாதக் கடைசியில், பனி உருகிய பிறகு.

அதே மலை, அதே வாரம்!

ஆச்சரியம் என்னவென்றால், அதே சமயத்தில் இன்னொரு படையும் அந்த மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. ஹிரோசாகி நகரின் 31ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த கேப்டன் ஃபுகுஷிமா தைஸோவின் குழு. 37 வீரர்கள், ஒரு பத்திரிகை நிருபர். 20 கி.மீ. இல்லை, சுமார் 224 கி.மீ. சுற்று! ஜனவரி 20இல் கிளம்பி 31இல் திரும்பினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

ஃபுகுஷிமா செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சின்னக் குழு. பாரம் குறைவு. ராத்திரி கிராமத்து வீடுகளில் தங்கல். காலுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக உறைகள், மிளகாய்ப் பொடி தூவி எண்ணெய்த் தாளால் சுற்றிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்க்காரர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டது.

ஆனால் இந்த வெற்றிக் கதைக்கும் ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. ஹக்கோடாவைக் கடக்க அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் ஒரு சின்னக் கிராமத்தைச் சேர்ந்த 7 பேர். புயலில் அந்த ஏழு பேரும் முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி போட்டார்கள். வழியில் 5ஆவது ரெஜிமெண்டின் உடல்களும் துப்பாக்கிகளும் கண்ணில் பட்டன. மலை கடந்ததும் ஆளுக்கு 2 யென் கூலி கொடுத்து, பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லி, அங்கேயே அனுப்பிவிட்டார்கள். பனிக்கடியால் அவர்களும் வெகுகாலம் துன்பப்பட்டார்கள். அவர்களுடைய கதை வெளியே தெரிய வெகுகாலம் ஆனது.

ஒரு படை கிராமத்துக்காரனின் பேச்சைக் கேட்கவில்லை, செத்தது. இன்னொரு படை கேட்டது, பிழைத்தது. ஆனால் சொன்னவனுக்கு இரண்டு பேருமே மரியாதை கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு

கோத்தோவுக்கு மலையில் வெண்கலச் சிலையே வைத்தார்கள். கையும் காலும் இழந்து சொந்த ஊர் திரும்பி, 1924இல் இறந்தார். ஃபுகுஷிமா 1905இல் ரஷ்யாவுடன் நடந்த போரில் பலியானார். பனியில் பிழைத்த கேப்டன் குராய்ஷியும் அதே போரில் இறந்தார். எந்தப் போருக்காக ஒத்திகை பார்த்தார்களோ, அதே போர்!

1971இல் நித்தா ஜிரோ இந்தச் சம்பவத்தை வைத்து நாவல் எழுதினார். 1977இல் அது திரைப்படமாகவும் வந்தது. இரண்டு படைகளும் பேசி வைத்துக்கொண்டு எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியதாக அதில் வரும். அது கற்பனை. இரண்டு பயணங்களும் தனித்தனியாகத் திட்டமிடப்பட்டவை. இறந்தவர்களின் கல்லறைகள் அவோமோரியில் கொபாதா என்ற இடத்தில் வரிசை வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு அருங்காட்சியகமும் உண்டு.

199 பேரைக் கொன்றது பனி மட்டும்தானா? வழிகாட்டிக் கூலி ஆளுக்கு 2 யென். மதியச் சாப்பாட்டு வேளையில் திரும்பியிருந்தால் கொஞ்சம் கௌரவம் போயிருக்கும். இந்த இரண்டு சின்னச் செலவுகளையும் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது.

அடுத்த முறை ஒரு கூட்டமாக மலைக்குக் கிளம்பும்போது அடிவாரத்து டீக்கடைக்காரர், "இன்னைக்கு மேல போகாதீங்க" என்று சொன்னால், ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். மலை எங்கேயும் போய்விடாது... நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.