தமிழும் வந்தாறுமூலையும்: நல்லையா மாஸ்டரை நினைவுகூர்வோம்

எமது சங்கத்தின் நூற்றாண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், நாம் தமிழிலே படித்து உயர வழிசெய்தவர்களையும் நினைப்பது கடமை. அவர்களுள் ஒருவர் வ. நல்லையா. மட்டக்களப்பின் மூத்தவர்களுக்கு அவர் 'நல்லையா மாஸ்டர்'.

1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையால் இந்நாட்டுப் பெண்களும் வாக்காளரானார்கள். 1943இல் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று நல்லையா அரசாங்க சபைக்குச் சென்றார். மறு ஆண்டே சோதனை வந்தது. 1944 மே மாதத்தில் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கோரும் பிரேரணையைச் சபையில் சமர்ப்பித்தார். ஆங்கிலம் அறிந்த சிலரின் ஆட்சி மக்களின் மொழிக்கு மாறவேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. ஆனால் வாவிக்கரை மக்களின் மொழி தமிழல்லவா? தமிழையும் சேர்க்குமாறு நல்லையா திருத்தம் கொண்டுவந்தார்; சபையும் ஏற்றது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அந்த இணக்கத்தைத் தள்ளிவைத்தது. 1987இல், 43 ஆண்டுகளுக்குப் பின்னர், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது.

அவருடைய மற்றப் பணி எமது கண்முன்னே நிற்கிறது. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் நகரத்தில் கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கே கிட்டியது. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தில் கிராமங்களுக்கு மத்திய கல்லூரிகள் வந்தபோது, வந்தாறுமூலையிலும் ஒன்று எழ முன்னின்றவர் நல்லையா. 1947 முதல் 1956 வரை கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அந்தக் கல்லூரி வளாகத்திலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் அதே வளாகம் அகதிகளின் புகலிடமானது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் அங்கிருந்து கொண்டுசென்ற 158 பேர் திரும்பவில்லை. அத்துயரத்தின் பின்னரும் அங்கே விரிவுரைகள் தொடர்ந்தன. இன்று எமது பிள்ளைகள் மட்டக்களப்பிலேயே மருத்துவமும் படிக்கிறார்கள்.

எம்முள் மருத்துவரானோர் உயர்தரம் வரை உயிரியலையும் இரசாயனவியலையும் தமிழிலேயே கற்றோம். "எங்கே நோகுது அம்மா?" என்று நோயாளியைக் கேட்பதும் தமிழில்தான். பிற நாடுகளில் வாழும் சகோதரிகள் ஊர் வரும்போது வந்தாறுமூலைக்கும் ஒருமுறை செல்லுங்கள். அங்கே நல்லையா ஞாபகார்த்த மண்டபம் இருக்கிறது. அது யாருடைய பெயர் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், தமிழிலேயே சொல்லுங்கள்.